விமானம் போகாத கடல்

மாண்ட்ரியாலிலிருந்து திரும்பியதும் அலுவலகத்தில் பயண அறிக்கை கேட்டார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பயிற்சி பயனுள்ளதாக இருந்தது, ஏற்பாடுகளில் குறையில்லை, வாய்ப்பளித்ததற்கு நன்றி. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் நான் அங்கே சொன்ன பொய்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதை எழுதத் துணிவு வந்திருக்கிறது.

நான் சென்னையில் வானிலைத் துறையின் புயல் பிரிவில் இருந்தேன். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வங்காள விரிகுடாவில் சுழலும் புயலுக்கு ஓர் எண் கொடுப்பதுதான் என் வேலை. ஒன்றிலிருந்து எட்டு வரை, அரை அரையாக. மேகம் எவ்வளவு தூரம் சுருண்டிருக்கிறது, நடுவில் கண் திறந்திருக்கிறதா, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, ‘டி மூன்று’, ‘டி நாலரை’ என்று எழுத வேண்டும். அந்த எண்ணுக்கு நேரே அட்டவணையில் காற்றின் வேகம் இருக்கும். அந்த வேகம்தான் ரேடியோவுக்கும் துறைமுகத்துக்கும் மீனவர் குப்பங்களுக்கும் போகும்.

என்னை ‘டி-நம்பர் மேடம்’ என்று கூப்பிடுவார்கள். நான் சேர்ந்தபோது அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். நான் போட்ட எண்ணை யாராவது ஒருவர் எனக்குத் தெரியாமல் மறுபடி போட்டுப் பார்ப்பார். அதனால் பிசகாமல் போடப் பழகினேன். பிசகினாலும் காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் பழகிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தது செப்டம்பர் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, திங்கட்கிழமை போக வேண்டிய இடத்தை ஒரு முறை பார்த்து வந்துவிடலாம் என்று கிளம்பினேன். பஸ் எண் சரி. நின்ற பக்கம்தான் தவறு. அங்கே வண்டிகள் வலது பக்கம் போகின்றன. நான் சென்னை வழக்கத்தில் இடது பக்கத்து நிறுத்தத்தில் நின்றுகொண்டேன். ஓட்டுநர் ‘போன்ஜூர்’ என்று வரவேற்றார். பதிலுக்கு நானும் போன்ஜூர் சொன்னேன். நம் ஊரில் டிரைவர் முகத்தைப் பார்த்தே இறங்க வேண்டிய இடம் தெரியும். அங்கே எல்லா முகமும் ஒரே மாதிரி மரியாதையாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள புவாண்ட்-கிளேரில், ஒரு பெரிய கடைத்தொகுதியின் வாசலில் நின்றேன். இன்னும் குளிர் வரவில்லை என்றார்கள். எனக்குப் பல் தந்தியடித்தது.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு மனிதர் தமிழில் திட்டிக்கொண்டிருந்தார். “பூட்ஸ் வாங்க வந்தனியோ, படம் பாக்க வந்தனியோ பிள்ளை? கெதியா ஏறு.” பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பெட்டியை மார்போடு அணைத்தபடி, பிரெஞ்சில் ஏதோ பதில் சொன்னாள். வெட்கத்தை விட்டு அருகே போய், “நீங்க தமிழா?” என்று கேட்டேன்.

“ஓம். நீங்கள் இந்தியாவோ? இந்தக் குளிருக்கு இந்த உடுப்போ போட்டுக்கொண்டு வந்தனீங்கள்? ஏறுங்கோ அக்கா, முதல்ல உள்ள ஏறுங்கோ.”

அவர் பெயர் அருளப்பு. மன்னார்ப் பக்கம் பேசாலையில் மீன்பிடித்தவர். இங்கே வந்து பதினைந்து வருடம். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மீன்கடையில் வேலை. பெண் ஸ்டெஃபனி. விடுதி எங்கே என்று கேட்டுக்கொண்டு, தன் வழி இல்லாவிட்டாலும் வண்டியைத் திருப்பினார். போகும் வழியில் என் வேலையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். சட்டென்று வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ரேடியோவில புயல் எண்டு சொல்லுறது உங்கட ஆக்களோ? நாங்கள் சின்னனில இருந்து அதைக் கேட்டுத்தான் கடலுக்குப் போறது. அதெப்பிடி அக்கா உங்களுக்குத் தெரியிறது?”

மேலேயிருந்து எடுத்த படத்தில் மேகத்தைப் பார்த்துச் சொல்வோம் என்றேன். அவர் முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியதுபோல எனக்குப் பட்டது.

“படத்தில மட்டுமோ? ஆரும் அங்க போய் அளக்கிறேல்லையோ?”

“அளப்போமே. விமானம் அனுப்புவோம். புயலுக்குள்ள போயிட்டு வரும்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அட்லாண்டிக் கடலில் அப்படி விமானம் போகிறது. நம் வங்காள விரிகுடாவில் புயலுக்குள் விமானம் அனுப்பி அளக்கும் ஏற்பாடு எங்களுக்கு இல்லை. அவர் கண்ணில் அந்த மரியாதை குறையக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். “அம்மாடி!” என்றார் அவர். மகளிடம் பிரெஞ்சில் சொன்னார். அவள் முன்னே சாய்ந்து என்னை ஒரு சினிமா நடிகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. பன்னிரண்டு பேர். எல்லோரும் புயலுக்குள் விமானம் போகாத நாடுகளிலிருந்து வந்தவர்கள். பாடம் நடத்தியவர் க்ளோதீன் என்ற அந்த ஊர்ப் பெண்மணி. சன்னமான குரல், சிரிக்கும்போதுகூட சத்தம் வராது. அவருடன் கோர்டன் என்ற வயதானவர். புயல் விமானங்களில் பல வருடம் பறந்து ஓய்வு பெற்றவர். என் பக்கத்து இருக்கையில் மொசாம்பிக்கிலிருந்து வந்த செலெஸ்ட். அவள் அலுவலகத்தில் புயல் பார்க்க மொத்தம் மூன்று பேர்தானாம். எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள், போன்ஜூர் உட்பட.

ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, “இருபத்திரண்டு வருடமாக இந்த எண்ணைப் போடுகிறேன். அரைக்கு மேல் ஒருமுறைகூடப் பிசகியதில்லை” என்றேன்.

கோர்டன் தலையை உயர்த்தி, “நல்லது. எதோடு வைத்துச் சரிபார்த்தீர்கள்?” என்று கேட்டார்.

கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். விமானம் போகாத கடலில் நான் போட்ட எண்ணை நான் போட்ட எண்ணோடுதான் சரிபார்த்திருந்தேன். எப்போதாவது ஒரு கப்பல் அகப்பட்டுக்கொண்டால், அல்லது புயல் கரையேறும் இடத்தில் ஒரு காற்றுமானி உடையாமல் இருந்தால் உண்டு. ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்று மதியம் கேண்டீனில் வறுத்த உருளைக்கிழங்கின் மேல் பழுப்பு நிறக் குழம்பை ஊற்றி, வெண்ணெய்க்கட்டித் துண்டுகளைப் போட்டுத் தந்தார்கள். பட்டாணிச் சூப்பும் உண்டு. இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை கோர்டன் ஒரு குழாயைக் கொண்டுவந்தார். உருட்டி வைத்த காலண்டர் அளவு, அட்டையால் செய்தது, கனமே இல்லை. விமானம் புயலின் கண்ணுக்குள் நுழைந்ததும் இதைக் கீழே போடுவார்களாம். சின்னப் பாராசூட் விரிய, கடலைத் தொடும்வரை அழுத்தம், வெப்பம், காற்று எல்லாவற்றையும் விமானத்துக்கு அனுப்பிக்கொண்டே இறங்கும். கையிலிருந்து கைக்கு வாங்கிப் பார்த்தோம். செலெஸ்ட் அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

பிறகு பயிற்சித் தேர்வு. விமானம் போய்வந்த ஒரு பழைய அட்லாண்டிக் புயலின் படங்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக. விமானம் அளந்த கணக்கு ஒட்டிய உறைக்குள் மேசைமேல் இருந்தது. படத்தை மட்டும் பார்த்து எண் போட வேண்டும். முதல் நான்கு படங்கள் எளிது. ஐந்தாவதில் கண் இல்லை. மேகம் பிய்ந்த பஞ்சுபோலப் பரவியிருந்தது. புயல் தளர்கிறது என்று எனக்குப் பட்டது. நாலரை என்று பென்சிலால் எழுதினேன்.

தேநீர் இடைவேளையில் ஒரு வரைபடத்தைப் பிரதி எடுக்க ஜெராக்ஸ் மெஷினுக்குப் போனேன். மூடியைத் தூக்கினால் கண்ணாடியின்மேல் ஒரு தாள் கவிழ்ந்து கிடந்தது. உறையில் போட்ட தாளின் மூலப்பிரதி. யாரோ எடுக்க மறந்துவிட்டார்கள். என்ன தாள் என்று திருப்பிப் பார்த்தபோதே கண்ணில் பட்டுவிட்டது. ஐந்தாவது நேரத்துக்கு எதிரே, மைய அழுத்தம் 948. அட்டவணை எனக்கு மனப்பாடம்: அழுத்தம் குறையக் குறைய எண் ஏறும், 948 என்றால் ஆறு.

தாளை இருந்தபடியே கவிழ்த்து வைத்து மூடினேன். திரும்பிப் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் இன்னும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பரை எடுத்து நாலரையை அழித்து ஆறு என்று எழுதினேன். ரப்பர்த்தூளை ஊதித் தள்ளியதுகூட நினைவிருக்கிறது.

ஐந்தாவது படத்துக்கு எல்லோரும் போட்ட எண்ணைக் க்ளோதீன் பலகையில் எழுதினார். பதினோரு பேரும் நாலிலிருந்து ஐந்துக்குள். நான் மட்டும் ஆறு. உறையைப் பிரித்தார். அறையில் ஒரு சலசலப்பு, பிறகு கைதட்டல். “மேடம், இதை எப்படிப் பார்த்தீர்கள்? தயவுசெய்து எங்களுக்குக் காட்டுங்கள்” என்றார்.

எழுந்து போனேன். உட்கார்ந்தே இருந்திருக்கலாம், ஒரு குருட்டுக் கணக்கு என்று சொல்லியிருக்கலாம். திரைமுன் போய் நின்று, படத்தின் தென்மேற்கு விளிம்பைத் தொட்டுக் காட்டினேன். “இங்கே மேகம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது. இப்படி இருந்தால், கண் மறைந்திருந்தாலும் உள்ளே பலம் குறையவில்லை என்று அர்த்தம். என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.” அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் அனுபவத்திலும் இல்லை. அந்த நிமிடம் இட்டுக்கட்டியது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது செலெஸ்ட் நீல நோட்டில் அந்த விளிம்பை வரைந்து, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். “எங்களுக்குப் பெப்ரவரியில்தான் பெரிய புயல்கள் வரும். இது உதவும்” என்றாள். க்ளோதீன் பயிற்சிக் குறிப்பேட்டில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். கோர்டன் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் புயலுக்குள் நான் போயிருக்கிறேன். உள்ளே நுழையும்வரை எங்களுக்கும் தெரியவில்லை” என்றார்.

புதன்கிழமை மாலை அருளப்பு வந்து அழைத்துப்போனார். பார்க்-எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடி. வீட்டுக்கு வெளியே, தெருவிலிருந்து நேரே ஏறும் இரும்புப் படிக்கட்டு. பனிக்காலத்தில் இதில் எப்படி ஏறுவீர்கள் என்றேன். “விழுந்து விழுந்துதான்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் மனைவி றெஜினா. பக்கத்துத் தெருவில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மேசையில் பிட்டு, நண்டுக் குழம்பு, சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். மூன்று நாளாக வயிற்றுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாதவள் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

“இவதான் நான் சொன்ன அக்கா. புயலுக்குள்ள பிளேன் விடுற ஒபிசில பெரிய ஆள்” என்று மனைவியிடம் சொன்னார் அருளப்பு. நான் நண்டு ஓட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

சாப்பிட்டு முடித்து, தேநீரும் வந்த பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமையில இருந்து ஒண்டு கேக்க வேணும் எண்டு இருக்கிறன். எனக்கு அப்ப இருபது வயசு. மூத்த அண்ணை, பிலிப்பு. கலியாணம் கட்டி ரெண்டு பிள்ளையள். ஒரு நாள் ரேடியோவில சின்னத் தாழமுக்கம் எண்டு சொன்னவை. காத்து பெரிசா இல்லை எண்டும் சொன்னவை. முதல் நாள் விரிச்ச வலை கடலில கிடந்தது. அதை எடுக்கப் போனவர். ரெண்டு வள்ளத்தில ஆறு பேர். மத்தியானம் வீசின காத்தில கோயில் ஓடெல்லாம் பறந்துது. ஒருத்தரும் திரும்பேல்லை.”

றெஜினா மகளை உள்ளே போகச் சொன்னாள். அருளப்பு அது நடந்த வருடத்தைச் சொன்னார். நான் வேலையில் சேர்வதற்கு இரண்டு வருடம் முந்தியது.

“கடல்தானே, காத்துத்தானே எண்டு இவ்வளவு காலமும் இருந்தம். இப்ப நீங்கள் சொன்ன பிறகுதான் யோசிக்கிறன். அண்டைக்கு அந்தப் பிளேன் போகேல்லையோ?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. ஐயா, நான் பெருமைக்குச் சொன்னேன், விமானமே கிடையாது என்று ஒரு வரி. அந்த வரி வாய்வரை வந்தது. அவர்கள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது நான் சேர்றதுக்கு முன்னாடிங்க. அன்னிக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க.”

“ஏன்?”

“தெரியலைங்க. சின்னதுதானேன்னு விட்டிருப்பாங்க.”

அருளப்பு கோபப்படவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, “அனுப்பாம விட்டிட்டினம்” என்று மெதுவாகச் சொன்னார், மனைவியிடம். இருபத்துச் சொச்சம் வருடமாகக் கடலையும் காற்றையும் குறை சொல்லிக்கொண்டிருந்தவருக்கு நான் இப்போது ஓர் ஆளைக் காட்டிவிட்டேன். சோம்பலில் விமானம் அனுப்பாத ஓர் அதிகாரி. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. அன்று இரவு அருளப்புதான் என்னை விடுதியில் கொண்டுவந்து விட்டார்.

வியாழக்கிழமை வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் க்ளோதீனின் அறை வாசலில் நின்றேன். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். ஜெராக்ஸ் மெஷின், ரப்பர், தென்மேற்கு விளிம்பு எல்லாவற்றையும். முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை இல்லாமல் முந்தானையால் துடைத்தேன்.

அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார். பிறகு, “என்னிடம் சொன்னது போதாது. செலெஸ்ட் அதை எழுதி வைத்திருக்கிறாள்” என்றார்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆங்கிலம் தடுமாறியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, பென்சிலைப் பார்த்தார்கள். கோர்டன்தான் கேட்டார்.

“அப்படியானால் நீங்களாகப் போட்ட எண் எது?”

“நாலரை.”

“பலகையில் எழுதுங்கள்.”

எழுதினேன். செவ்வாய்க்கிழமை எண்கள் பலகையில் இன்னும் இருந்தன, என் ஆறை அழித்தேன். அவர் எழுந்து வந்து அந்தப் பன்னிரண்டு எண்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். தள்ளி ஓர் ஆறு எழுதி அதைச் சுற்றி இன்னொரு வட்டம். நடுவில் கோடு.

“இந்தப் புயலுக்கு ஒரு சின்னக் கண் இருந்தது. மேல்மேகம் அதை மூடிவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரரானாலும் படத்தில் தெரியாது. பன்னிரண்டு பேரும் தவறுவீர்கள் என்று தெரிந்துதான் இதைக் கொடுத்தோம். நாலரைக்கும் ஆறுக்கும் நடுவே காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. உங்கள் கடலில் விமானம் இல்லை. அதனால் நீங்கள் ஊருக்கு எடுத்துப்போக வேண்டியது இந்த இடைவெளி ஒன்றைத்தான். படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதை.” என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்கள் எங்கள் பாடத்தை அழித்துவிட்டீர்கள், மேடம். நாலரையை மட்டும் அல்ல.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செலெஸ்ட் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ஏதோ எழுதினாள். மதியம் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “பெப்ரவரியில் இதை நம்பி நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை குழுப்படம் எடுத்தபோதும் மறுகோடியில்தான் நின்றாள்.

சனிக்கிழமை மாலை எனக்கு விமானம். காலையில் மெட்ரோ பிடித்து ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். இந்த முறை போகும் திசையை இரண்டு பேரிடம் கேட்டேன். சந்தையில் பூசணிக்காய்கள் மலைபோலக் குவிந்திருந்தன. கொத்துக் கொத்தாகச் சிவப்பு மிளகாய், தக்காளிக்கு நடுவே துளசி வாசனை. கோயம்பேட்டுக் கூச்சல் இல்லையே தவிர நெரிசல் அதேதான். மீன்கடையில் அருளப்பு ரப்பர் ஏப்ரன் கட்டி செதில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் தலையை அசைத்தார். சிரிக்கவில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். “விமானம் கிடையாதுங்க.”

“என்ன?”

“எங்ககிட்ட விமானமே கிடையாது. அன்னிக்கும் இல்லை, இன்னிக்கும் இல்லை. நான் பொய் சொன்னேன். உங்க அண்ணன் விஷயத்துல யாரும் அனுப்பாம விடலை. அனுப்ப எதுவும் இல்லை.”

கத்தி நின்றது. ஒரு பெண்மணி வந்து மீனைக் காட்டி விலை கேட்டாள். அவளுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லி, எடைபோட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, ‘மெர்ஸி’ சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மூண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை. தெரியுமோ உங்களுக்கு? ஏன் சொன்னீங்கள்?”

“படத்தைப் பார்த்து மட்டும்தான் சொல்றோம்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

அவர் கையைக் கழுவினார். மெதுவாக, விரல் விரலாக. “மச்சாளுக்குச் சொல்லிப்போட்டன்” என்றார். அண்ணன் மனைவியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். “வியாழக்கிழமையே எடுத்துச் சொல்லிப்போட்டன். பிளேன் அனுப்பேல்லை எண்டு. அவ பத்து நிமிசம் அழுதவ. இனி நான் அதை மாத்திச் சொல்ல மாட்டன். நீங்களே கதையுங்கோ.”

கடைக்குப் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. சட்டைப் பையிலிருந்து அழைப்பு அட்டையை எடுத்து நீளமாக எண்களை அழுத்தினார். இலங்கையில் போர் நின்றிருந்த காலம், மன்னாருக்கு இணைப்பு கிடைத்தது. அங்கே அப்போது பொழுதுபட்டிருக்கும். “மச்சாள், அண்டைக்கு நான் சொன்னது பிழை. அதைச் சொன்ன ஆளே கதைக்கிறா” என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

அவர் பெயர் திரேசம்மா. குரல் தூரத்திலிருந்து, ஒரு நொடி தாமதித்து வந்தது. நான் யாரென்று சொன்னேன். விமானம் இல்லை என்று சொன்னேன். நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார்.

“அப்ப எதைப் பாத்துச் சொன்னவை, பிள்ளை?”

“மேலேயிருந்து எடுத்த படத்துல மேகத்தைப் பார்த்தும்மா. அது சில நேரம் ஏமாத்திடும். உள்ளே எவ்வளவு காத்துன்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும். அன்னிக்கு உண்மையா எவ்வளவுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அவரும் மேகத்தைத்தான் பாத்தவர்” என்றார் திரேசம்மா. “விடிய எழும்பி வாசல்ல நிண்டு பாத்திட்டு, இது சரியில்லை, இண்டைக்குப் போகேல்லை எண்டு சொன்னவர். பேந்துதான் ரேடியோ கேட்டவர். படிச்ச ஆக்கள் சொல்லினம், அவைக்குத் தெரியும்தானே எண்டுபோட்டு வெளிக்கிட்டவர். தங்களுக்குத் தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நிண்டிருப்பார்.”

“மன்னிச்சிருங்கம்மா” என்றேன்.

“நீங்கள் அப்ப அங்க இல்லைதானே?”

“இல்லைம்மா.”

“இப்ப இருக்கிறீங்கள்தானே. சொல்லுங்கோ.”

தொலைபேசியைக் கொழுந்தனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். நான் ஐஸ் பெட்டிகளின் நடுவே நின்றேன். பேசி முடித்துவிட்டு அவர் கடைக்குத் திரும்பிப் போனார். நான் அவரைக் கடந்து வெளியே வந்தபோது, “மெட்ரோ அந்தப் பக்கம்” என்றார். கை குலுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருட மழைக்காலத்தில் வந்த முதல் புயலுக்கு எண் போட்டு, அறிவிப்பின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘இது படத்தைப் பார்த்து மட்டும் கணித்தது, காற்று இதைவிட மிக வலுவாக இருக்கக்கூடும்.’ மேலதிகாரி அதைப் பேனாவால் அடித்தார். “நமக்கே தெரியாதுன்னு சொன்னா ஜனங்க எப்படி மேடம் நம்புவாங்க?” அடுத்த புயலுக்கும் எழுதினேன். அதையும் அடித்தார். இருபத்திரண்டு வருடம் அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டவள் நான். அவரிடம் சண்டை போட எனக்கு என்ன தகுதி இருந்தது? ஆனாலும் மூன்றாவது முறை, அதை எடுத்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

அந்த வரி ரேடியோவுக்குப் போனது. வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். செய்தியின் கடைசியில், அவசர அவசரமாக வாசித்தார்கள்.